லாஸ் ஏஞ்சல்ஸின் சிவப்பு ரயில்கள் மறைந்தன, பெர்னினா ரயில் இன்றும் மலையேறுகிறது: ஏன்?

1 | மீட்டர்கேஜ்

நீலகிரி பற்றியும் டார்ஜிலிங் பற்றியும் இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். இந்த இழையில் மின்சார ரயிலின் தொடக்கக் காலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1890-களில் தொடங்கி முதல் உலகப் போர் வரை ஒரு புதுவகை ரயில் பல நாடுகளில் கிளம்பியது. நகரத்து டிராமின் மோட்டாரையும் மேல்கம்பியையும் வைத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் ஓடிய ரயில் அது. அமெரிக்காவில் அதற்கு இன்டர்அர்பன் என்று பெயர். அதே மோட்டார், அதே கம்பி ஐரோப்பாவில் மலை ஏறியது.

எனக்கு இரண்டு ரயில்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க ஆசை.

முதலாவது, கலிபோர்னியாவின் பசிபிக் எலெக்ட்ரிக். ஹென்றி ஹன்டிங்டன் 1901-ல் தொடங்கினார். 1902 ஜூலை 4 அன்று லாங் பீச் வரை வண்டி ஓடியது. 1920-களில் அந்த நிறுவனத்திடம் ஆயிரம் மைலுக்கு மேல் தண்டவாளம் இருந்தது. சான் பெர்னார்டினோ, ரிவர்சைடு, சான்டா மோனிகா, நியூபோர்ட் என்று தென் கலிபோர்னியா முழுவதும் அதன் சிவப்பு வண்டிகள் போய்வந்தன. 1961 ஏப்ரலில் கடைசிப் பாதையான லாங் பீச் பாதையும் மூடப்பட்டது.

இரண்டாவது, சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்துப் பெர்னினா ரயில். செயின்ட் மோரிட்ஸில் கிளம்பி, 2,253 மீட்டர் உயரத்தில் கணவாயைக் கடந்து, இத்தாலி எல்லைக்கு அப்பால் 429 மீட்டர் உயரத்தில் இருக்கும் திரானோவில் இறங்குகிறது. ஏறத்தாழ 61 கிலோமீட்டர். 1908 முதல் பகுதி பகுதியாகத் திறந்து, 1910 ஜூலை 5 அன்று முழுப் பாதையும் இணைந்தது. முதல் நாளிலிருந்தே மின்சாரம்தான். இன்றும் ஓடுகிறது. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

பெர்னினாவை மலை ரயில் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மை மறைந்துவிடும். திரானோவிலும் லே பிரேசேயிலும் அது தெருவின் நடுவே, வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு டிராம் போலவே போகிறது. அதற்கு மின்சாரம் கொடுத்தது புரூசியோ நீர்மின் நிறுவனம். கட்டியவர்கள் தனியார். நேர்மின்னோட்டம், இன்று ஆயிரம் வோல்ட். இப்படிப் பார்த்தால் அது ஓர் அமெரிக்க இன்டர்அர்பனின் உடன்பிறப்பு. ஒன்று செத்தது, மற்றொன்று பிழைத்தது.

ரயில் நின்றால் யாருக்கு வலிக்கிறது என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது என்பது என் கருத்து. பாதையோர நிலத்தை மனையாக விற்கத்தான் ஹன்டிங்டன் ரயில் போட்டார்; நிலம் விற்றுத் தீர்ந்ததும் ரயிலின் வேலை முடிந்தது. கிராபுண்டனில் ரயில் நின்றால் பள்ளத்தாக்கே நின்றுவிடும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

2 | தண்டவாளம்

இதில் ஆராய என்ன இருக்கிறது? கார் நிறுவனங்கள் திட்டமிட்டு அழித்தன. 1949-ல் நீதிமன்றமே தண்டித்தது. உலகமறிந்த கதை.

3 | லாங்பீச்காரன்

தண்டவாளம் அண்ணா, அந்தக் கதை இங்கே லாஸ் ஏஞ்சல்ஸிலும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. வழக்கு உண்மை. 1949-ல், பல ஊர்களின் டிராம், பஸ் நிறுவனங்களை வாங்கிய நேஷனல் சிட்டி லைன்ஸ் நிறுவனத்துக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளிட்ட கூட்டாளிகளுக்கும் தண்டனை கிடைத்தது. ஆனால் குற்றம் என்ன என்று கவனியுங்கள். அந்தப் போக்குவரத்து நிறுவனங்களுக்குப் பஸ், எரிபொருள், டயர் விற்பதைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளச் சதி செய்தார்கள் என்பதுதான்.

அதைவிட முக்கியமான செய்தி வேறு. அந்தக் குழுவினர் 1945-ல் வாங்கியது லாஸ் ஏஞ்சல்ஸ் ரயில்வேயை. அது நகருக்குள் ஓடிய மஞ்சள் டிராம், தண்டவாள அகலமே வேறு. மீட்டர்கேஜ் அண்ணன் பேசும் சிவப்பு வண்டிகள் பசிபிக் எலெக்ட்ரிக்குடையவை. 1911-ல் நடந்த பெரிய இணைப்புக்குப் பிறகு அவை சதர்ன் பசிபிக் என்ற நீராவி ரயில் நிறுவனத்தின் கையில் இருந்தன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் வரலாறே தடம் புரண்டுவிடும்.

சிவப்பு வண்டி ஏன் மெலிந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே அவர்களுக்குச் சொந்தப் பாதை இருந்தது, வண்டி பறக்கும். நகர மையத்துக்கு வந்ததும் தெருவில் இறங்கியாக வேண்டும். 1910-களில் அந்தத் தெருவில் குதிரை வண்டிகளும் கொஞ்சம் கார்களும். 1920-களில் முழுக்கக் கார்கள். கார்கள் ரயிலின் முன்னால் நிற்கும், ரயில் கார்களின் பின்னால் நிற்கும், அட்டவணை குலையும். அட்டவணை குலைந்தால் பயணி அடுத்த ஆண்டு கார் வாங்கிவிடுவார். அந்தக் கார் இன்னொரு ரயிலை மறிக்கும். இந்தச் சுழலில்தான் அந்த நிறுவனம் சிக்கியது.

நகரத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1920 ஏப்ரலில் நகர மையத்தில் வேலை நேரத்தில் காரை நிறுத்தக் கூடாது என்று தடை போட்டார்கள். தெருக்கள் உடனே காலியாயின, டிராம்கள் நேரத்துக்கு ஓடின. கடைக்காரர்களும் கார் வைத்திருந்தவர்களும் கொதித்தெழுந்தார்கள். ஒரு மாதம்கூடத் தாங்காமல் தடை தளர்த்தப்பட்டது. 1925-ல் ஹாலிவுட் பக்கம் போகும் வண்டிகளுக்காக ஏறத்தாழ ஒரு மைல் நீளச் சுரங்கம் திறந்தார்கள். அது ஒன்றுதான் உருப்படியாக நடந்தது. 1926-ல் உயர்மட்டப் பாதைத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது, தோற்றது.

ஆகவே வெளியிலிருந்து ஒரு சதிகாரர் வந்து கொன்றார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரமே, வாக்காளர்களே, தெரிந்து செய்த தேர்வு அது. அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

1961-ல் மூடிய அந்த லாங் பீச் பாதையின் பெரும்பகுதியில்தான் 1990-ல் புதிய மின்ரயில் திறந்தார்கள். இடைப்பட்ட 29 ஆண்டுகளில் பாதை நிலத்தை முழுவதும் விற்றுத் தொலைக்காமல் சரக்கு ரயிலுக்காக வைத்திருந்ததால்தான் இது நடந்தது. பாதை நிலம் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. இந்த ஒரு செய்தியை எங்கே வேண்டுமானாலும் உரக்கச் சொல்வேன்.

4 | கூர்வாசி

மீட்டர்கேஜ் தம்பியின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் கிராபுண்டனின் தலைநகரான கூரில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே ஊன்றிவிட்டேன். இந்தத் தொடருந்துகளைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

லாங்பீச்காரன் எழுதிய வாகனத் தடை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இந்த மாநிலத்தின் தடையைக் கேளுங்கள். 1900-ல் கிராபுண்டன் அரசு தன் வீதிகள் எல்லாவற்றிலும் மோட்டார் வாகனத்தைத் தடை செய்தது. நகர மையத்தில் மட்டுமல்ல, மாநிலம் முழுவதும். தடையை நீக்கக் கோரித் திரும்பத் திரும்ப வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் திரும்பத் திரும்ப மறுத்தார்கள். கடைசியில் 1925-ல்தான் தடை விலகியது. கால் நூற்றாண்டு!

காரணங்கள் பல. மலை வீதிகள் ஒடுக்கமானவை, குதிரைகள் மிரண்டன, புழுதி கிளம்பியது. ஆனால் அதற்குள் மக்கள் பணம் தொடருந்தில் போடப்பட்டிருந்தது என்பதும் ஒரு பெரிய காரணம். வில்லெம் யான் ஹோல்ஸ்போர் என்ற டச்சுக்காரர் 1889-90-ல் லாண்ட்குவார்ட்டிலிருந்து டாவோஸுக்குப் பாதை போட்டார். டாவோஸுக்கு அப்போது காசநோயாளிகள் மலைக்காற்றுக்காக வருவார்கள். 1895-ல் அந்த நிறுவனம் ரேத்திய ரயில்வே என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1897-ல் மாநில மக்கள் வாக்களித்து அதைத் தங்கள் அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பெரும்பான்மைப் பங்கு மாநிலத்தினுடையது, அதற்கு அடுத்த பெரும் பங்கு மத்திய அரசினுடையது.

தம்பி ஓர் இடத்தில் சரியாகச் சொன்னார்: பெர்னினா தனியாருடையது. அது ரேத்திய ரயில்வேயோடு சேர்ந்தது 1943-ல்தான். அதுவரை அது பட்ட பாடு கொஞ்சமல்ல. கணவாய்ப் பகுதியை முதலில் கோடையில் மட்டும் ஓட்ட நினைத்தார்கள். பனிக்காலத்திலும் ஓட்டத் தொடங்கியபோது பனிச்சரிவு ஒரு பக்கம், செலவு மறுபக்கம். அந்தப் பாதைக்கென்று 1910-ல் நீராவியால் இயங்கும் சுழல் பனிவாரி ஒன்று செய்தார்கள். மின்சாரப் பாதைக்கு ஏன் நீராவி என்று பலரும் கேட்பார்கள். பனிச்சரிவு முதலில் அறுப்பது மேல்கம்பியைத்தான். கம்பி அறுந்த இடத்தில் போய் வேலை செய்ய வேண்டிய இயந்திரம் கம்பியை நம்பியிருக்க முடியாது. அதன் நீராவி எஞ்சின் பனியை வாருவதோடு தன்னையும் தானே நகர்த்திக்கொள்ளும். அது இன்றும் பத்திரமாக இருக்கிறது.

இரண்டு உலகப் போர்களிலும் பயணிகள் வரத்து அற்றுப்போனது. லாங்பீச்காரனின் ரயில் போர்க்காலத்தில் பெட்ரோல், டயர் ரேஷனால் நிரம்பி வழிந்தது என்றால், இங்கே நிலைமை நேர்மாறு. நிறுவனம் தனியாக நின்றிருந்தால் 1940-களில் முடிந்திருக்கும். மத்திய அரசு 1939-ல் தனியார் தொடருந்துகளுக்கு உதவும் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பணத்தோடு சேர்ந்து வந்த நிபந்தனைதான் இணைப்பு. அரோசா பாதையும் மிசோக்ஸ் பாதையும் 1942-ல் சேர்ந்தன, பெர்னினா அடுத்த ஆண்டு.

5 | ஆயிரம்வோல்ட்

ரயில்வே துணை மின்நிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பொருளாதாரம் பேசும் இடத்தில் கொஞ்சம் இயந்திரமும் பேசலாமே.

பெர்னினாவின் அதிகபட்ச ஏற்றம் ஆயிரத்துக்கு 70. அதாவது ஆயிரம் மீட்டர் போனால் 70 மீட்டர் ஏறும். இதைப் பற்சட்டம் (தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த, எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறும் பல்வரிசை) இல்லாமல், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றும் பிடிப்பில் மட்டுமே ஏறுகிறது. நம் நீலகிரியில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1, அதாவது ஆயிரத்துக்கு 80-க்குச் சற்று மேல். அங்கே ஆப்ட் முறைப் பற்சட்டம் இல்லாமல் நடக்காது. ஜப்பானின் ஹக்கோனே மலை ரயில் 1919-ல் திறந்தது. அதன் ஏற்றம் ஆயிரத்துக்கு 80. பற்சட்டம் கிடையாது! நீலகிரிக்கும் ஹக்கோனேக்கும் சரிவில் பெரிய வித்தியாசமே இல்லை. ஒன்றுக்குப் பல் வேண்டியிருக்கிறது, மற்றொன்றுக்கு வேண்டியதில்லை.

காரணம் மின்மோட்டார். நீராவி எஞ்சினில் பிஸ்டன் போய்வரும்போது சக்கரத்துக்குக் கிடைக்கும் விசை சீராக இருப்பதில்லை, ஏறி இறங்கும். ஏறும் கணத்தில் சக்கரம் வழுக்கிவிடும். மின்மோட்டார் சுற்று முழுவதும் ஒரே சீராகத் திருகும். இன்னொன்று, நீராவியில் எஞ்சினின் எடை மட்டுமே பிடிப்புக்கு உதவும்; பின்னால் வரும் பெட்டிகள் வெறும் சுமை. மோட்டார்ப் பெட்டியில் பயணிகள் உட்கார்ந்திருக்கும் எடையும் ஓட்டும் அச்சின் மேல் விழுகிறது. கொதிகலனையும் நிலக்கரியையும் தண்ணீரையும் மலை மேல் சுமக்க வேண்டியதில்லை. மின்நிலையம் பள்ளத்தாக்கிலேயே இருக்கட்டும், கம்பி மட்டும் மேலே வரட்டும்.

ஹக்கோனேக்காரர்கள் முதலில் பற்சட்டம் போடத்தான் நினைத்திருந்தார்கள். அவர்களுடைய பொறியாளர் சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பெர்னினாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு திட்டம் மாறியது. இன்றும் அந்த உறவு நிலைத்திருக்கிறது; 1979-ல் இரு ரயில்களும் சகோதர ரயில்கள் ஆயின. ஹக்கோனேயில் பெர்னினா, செயின்ட் மோரிட்ஸ் என்றே பெயரிட்ட வண்டிகள் ஓடுகின்றன.

ஹக்கோனேயின் வளைவுகள் மிக இறுக்கமானவை, 30 மீட்டர் ஆரம்வரை. அந்த வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை அறுத்துவிடும். எண்ணெய் தடவினால் அந்தச் சரிவில் வண்டி நிற்காது. எனவே வண்டியிலேயே தொட்டி வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகிறார்கள். பிரேக்கும் தனி ரகம்: சக்கரத்தைப் பிடிப்பது போதாமல், கார்போரண்டம் என்ற மிகக் கடினமான பொருளாலான கட்டையைக் காற்றழுத்தத்தால் நேரே தண்டவாளத்தின் மேல் அழுத்தும் ஏற்பாடு உண்டு.

மும்முனை மின்சாரத்தில் ஓடும் மலை ரயில்களையும் சொல்லாவிட்டால் குறை. அடால்ஃப் குயர்-செல்லர் 1896-ல் தொடங்கிய யுங்ஃப்ராவ் ரயில் அப்படிப்பட்டது. அவர் 1899-ல் இறந்துவிட்டார். பாதை 1912 ஆகஸ்ட் 1 அன்று 3,454 மீட்டர் உயரத்தை எட்டியது. மேலே இரண்டு கம்பிகள், மூன்றாம் முனைக்குத் தண்டவாளம். மும்முனை மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பிணைந்தது. வண்டி இறங்கும்போது அந்த வேகத்தைத் தாண்ட முயன்றால் மோட்டாரே ஜெனரேட்டர் ஆகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பித் தரும். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு உதவுகிறது. நூறாண்டுக்கு முன்பே இதைச் செய்தவர்களை நினைத்துக் கைகூப்பத் தோன்றுகிறது.

6 | குன்னூர்க்கிளி

ஆயிரம்வோல்ட் ஐயா, எங்கள் ஊர் ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையில் பிறந்தவைதானே. அந்த ஊரின் முத்திரை இங்கேயும் இருக்கிறது.

நான் பொருளாதார வரலாறு படிக்கிறேன். மீட்டர்கேஜ் அண்ணனிடம் ஒரு மறுப்பு வைக்க வேண்டும். நிலம் விற்பதற்காகப் போட்ட ரயில் என்பதால் பசிபிக் எலெக்ட்ரிக் அழிந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் ஜப்பானை எப்படி விளக்குவீர்கள்?

ஒசாகாவில் கோபயாஷி இச்சிசோ நடத்திய ரயில் 1910 மார்ச்சில் மினோவுக்கும் தகரசுகாவுக்கும் ஓடத் தொடங்கியது. பின்னாளில் அதுதான் ஹங்க்யு. வழியில் பெரிய ஊர் எதுவும் இல்லை, வயல்தான். அவர் இக்கேதாவில் நிலம் வாங்கி வீடு கட்டி மாதத் தவணைக்கு விற்றார். ஹன்டிங்டன் செய்த அதே வேலை, அதே காலம். ஆனால் ஹங்க்யு இன்றும் ஜப்பானின் முன்னணித் தனியார் ரயில்களில் ஒன்று.

எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். கோபயாஷி மனை விற்றதோடு நிற்கவில்லை. ரயிலின் ஒரு முனையில் வெந்நீர் ஊற்றுக் குளியலும் 1914 முதல் பெண்களே நடிக்கும் தகரசுகா நாடகக் குழுவும். மறுமுனையில், ஒசாகாவின் உமேதா நிலையத்திலேயே, 1929-ல் பல்பொருள் அங்காடி. காலையில் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு திசையை நிரப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்குப் போகிறவர்கள் எதிர்த் திசையை நிரப்பினார்கள். மனை விற்ற பணம் ஒருமுறை வரும், இந்தப் பணம் தினமும் வரும். ஹன்டிங்டன் 1910-11-ல் ரயிலைக் கைமாற்றிவிட்டு நிலத்தையும் நகர டிராமையும் மட்டும் வைத்துக்கொண்டார். மனை வாங்கியவர்கள் ரயிலுக்கு வாடிக்கையாளர்களாக இருப்பார்களா, கார் வாங்குவார்களா என்பது அதன்பின் அவருடைய கவலை இல்லை.

எனவே நில வியாபாரம் குற்றவாளி அல்ல. நிலத்தையும் ரயிலையும் பிரித்ததுதான் தவறு.

7 | மீட்டர்கேஜ்

கிளி தங்கை, அருமையான எதிர்வாதம். நான் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்கிறேன். ஹன்டிங்டன் பிரிக்காமல் வைத்திருந்தாலும் தென் கலிபோர்னியாவில் ரயில் பிழைத்திருக்குமா? அங்கே நிலம் பரந்து கிடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம், ஒவ்வொரு வீட்டுக்கும் இடைவெளி. அந்தப் பரவலைச் சாத்தியமாக்கியதே சிவப்பு ரயில்தான். காருக்கேற்ற நகரத்தை ரயிலே கட்டிக் கொடுத்துவிட்டது. ஒசாகாவில் மலைக்கும் கடலுக்கும் நடுவே இடம் ஒடுக்கம், வீடுகள் நிலையத்தைச் சுற்றி நெருங்கித்தான் ஆக வேண்டும்.

லாங்பீச்காரன், லோ மலை ரயிலைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருக்கிறேன். இன்டர்அர்பனும் மலை ரயிலும் ஒரே நிறுவனத்தில் சந்தித்த இடம் அதுதானே?

8 | லாங்பீச்காரன்

ஆமாம், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

தேடியஸ் லோ அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்புப் படைக்காகப் பலூன் விட்டவர். பொறியாளர் டேவிட் மெக்ஃபெர்சனோடு சேர்ந்து, பாசடீனாவுக்கு வடக்கே உள்ள மலையில் 1893 ஜூலை 4 அன்று ரயில் திறந்தார். ரூபியோ பள்ளத்தாக்கிலிருந்து எக்கோ மலை உச்சிக்கு வடக்கயிற்றில் இழுக்கும் சரிவுப் பாதை. செங்குத்தான இடத்தில் 62 சதவீதம். கயிற்றை இழுத்தது மின்மோட்டார். ஒரு பெட்டி இறங்க, அதன் எடையின் உதவியோடு மற்றது ஏறும். அங்கிருந்து மேலே சாதாரண மின்சார டிராம், மலைவிளிம்பில் 127 வளைவுகள், ஓர் இடத்தில் வட்டமாகச் சுற்றும் மரப் பாலம். 1895-ல் ஆல்பைன் விடுதி வரை போய் நின்றுவிட்டது. லோவின் பெயரைத் தாங்கிய சிகரத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை.

லோவின் செல்வம் முழுவதும் அதில் கரைந்தது. கைமாறிக் கைமாறி 1902-ல் ஹன்டிங்டனிடம் வந்தது. பசிபிக் எலெக்ட்ரிக் அதை ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணமாக விற்றது. ஆனால் மலையின் மறுபுறத்தில் ஊர் இல்லை, மேலே குடியிருப்பவர் இல்லை, தினமும் பயணம் செய்பவர் ஒருவரும் இல்லை. தீ வந்தது, எக்கோ மலையின் பெரிய ஹோட்டல் 1900-ல் எரிந்தது, ஆல்பைன் விடுதி 1936-ல் எரிந்தது. 1938 வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனபோது திரும்பக் கட்ட எவரும் கேட்கவில்லை.

இங்கே மீட்டர்கேஜ் அண்ணன் பக்கம் சாய்கிறேன். 2019 அக்டோபர் புயலில் ஹக்கோனே பாதை சின்னாபின்னமானது. 2020 ஜூலையில் திரும்ப ஓடியது. அங்கே மேலே ஊர்கள் இருக்கின்றன, மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ரயில் வேண்டும்.

இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். அமெரிக்க இன்டர்அர்பன்கள் பலவற்றுக்கு முதலாளிகள் மின்சார நிறுவனங்கள். மின்சாரம் விற்ற லாபம் ரயிலின் நஷ்டத்தைத் தாங்கியது. 1935-ல் பொதுப்பயன்பாட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. மின்சார நிறுவனங்கள் ரயில்களை உதறின. இன்டர்அர்பன் பாதை அதிக மைல் இருந்த மாநிலங்கள் என்று ஓஹியோவுக்கும் இந்தியானாவுக்கும் இருந்த பெருமை அந்தப் பத்தாண்டிலேயே கரைந்தது. அதற்கு முன்பே நொடித்தவையும் பல. நகராட்சிகள் தெருவைப் பயன்படுத்த அனுமதித்தபோது, தண்டவாளத்துக்கு இடைப்பட்ட சாலையை ரயில் நிறுவனமே செப்பனிட வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தன. அந்தச் சாலையில் பஸ்ஸும் காரும் இலவசமாக ஓடின!

பிழைத்தது என்று சொன்னால் சிகாகோவிலிருந்து சவுத் பெண்ட் போகும் சவுத் ஷோர் லைன். சிகாகோவின் மின்சார முதலாளி சாமுவேல் இன்சல் 1925-ல் வாங்கி, அடுத்த ஆண்டே 1,500 வோல்ட்டுக்கு மாற்றிச் சிகாகோ மையம் வரை வண்டியை நேரே விட்டார். நகர மையத்தில் தெருவில் முடங்காத இன்டர்அர்பன் அது. சரக்கும் நன்றாக ஓடியது. 1970-களில் பயணி வண்டியை நிறுத்த அனுமதி கேட்டபோது, இந்தியானா மாநிலம் 1977-ல் ஒரு பொது அமைப்பை உருவாக்கி அதைக் காப்பாற்றியது. மிச்சிகன் சிட்டியில் அண்மைக்காலம் வரை தெருவின் நடுவேதான் ஓடியது. 2024-ல் முடிந்த இரட்டைப் பாதைத் திட்டத்துக்காக அந்தக் காட்சி 2022-லேயே மறைந்தது. பிழைப்பதற்காகக் கொடுத்த விலை அது, நான் குறை சொல்ல மாட்டேன்.

9 | தண்டவாளம்

லாங்பீச்காரன் சொன்ன மஞ்சள், சிவப்பு வித்தியாசம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் சுவிட்சர்லாந்தில் எல்லாமே பிழைத்துவிட்டதா? அரசு கையில் இருந்தால் எந்த ரயிலும் சாகாது என்றால் நம்ப முடியவில்லை.

10 | கூர்வாசி

சாகும், அண்ணா. அதற்கு உதாரணம் எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது.

நான் முன்பு சொன்ன மிசோக்ஸ் பாதைதான் அது. பெல்லின்சோனாவிலிருந்து மெசோக்கோ வரை 31 கிலோமீட்டர் மின்சாரப் பாதை 1907-ல் திறந்தது. அதுவும் பெர்னினாவைப் போலவே தெற்கு நோக்கிய பள்ளத்தாக்கு, இத்தாலிய மொழி பேசும் மக்கள், நேர்மின்னோட்டம். 1942-ல் அதே ரேத்திய ரயில்வேயில் சேர்ந்தது. ஆனால் ரயில்வேயின் மற்றப் பாதைகளோடு அது இணையவே இல்லை. நடுவில் சான் பெர்னார்டினோ மலை. 1967-ல் அந்த மலைக்குள் வீதிச் சுரங்கம் திறந்தது, பள்ளத்தாக்கில் பெருவீதி வந்தது. 1972-ல் பயணிகள் சேவை நின்றது. 1978 வெள்ளம் மேற்பகுதியை அழித்தது. அதே மாநிலம், அதே உரிமையாளர், அதே சட்டம்.

ஆகவே மீட்டர்கேஜ் தம்பி, உரிமையாளர் யார் என்பது மட்டும் விடை அல்ல. தனித்துண்டாகக் கிடந்த பாதை செத்தது, வலைப்பின்னலில் கோத்த பாதை பிழைத்தது. பெர்னினா கணவாய் வீதியை இப்போது பனிக்காலத்திலும் திறந்துதான் வைக்கிறார்கள். ஆனாலும் தொடருந்து நிற்கவில்லை. போஸ்கியாவோவில் ஏறுகிறவர் பொன்ட்ரேசினாவில் இறங்கி அடுத்தடுத்த வண்டிகளில் கூருக்கும், அங்கிருந்து சூரிச்சுக்கும் அதிகம் காத்திருக்காமல் போகலாம். ஒரு கிளையை வெட்டினால் அந்த அட்டவணை முழுவதும் தளர்ந்துவிடும்.

புதிதாகவும் கட்டினார்கள். 1999-ல் 19 கிலோமீட்டர் நீள வெரைனா சுரங்கம் திறந்தது. அதில் தொடருந்து மக்களோடு கார்களையும் ஏற்றிச் செல்கிறது. பனிக்காலத்தில் ஃபுளூவேலா கணவாய் வீதி மூடியிருக்கும்போது காரோட்டிகளுக்கும் இந்தத் தொடருந்துதான் வழி. ஒரு காலத்தில் காரைத் தடை செய்த மாநிலம், பிறகு காரையே தொடருந்தின் வாடிக்கையாளராக்கியது. இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

11 | குன்னூர்க்கிளி

மிசோக்ஸ் உதாரணம் என் குறிப்பேட்டில் ஏறிவிட்டது, கூர்வாசி அண்ணா. அமெரிக்க இன்டர்அர்பன்களிலும் சரக்குப் பெட்டியைப் பெரிய ரயில்களோடு மாற்றிக்கொள்ள முடியாமல் தனித்துக் கிடந்தவை முதலில் போயின. சவுத் ஷோர் தனித்துக் கிடக்கவில்லை. அங்கே சதியும் இல்லை, சுவிஸ் மக்களின் நற்குணமும் இல்லை, ஆனாலும் அதே விதி வேலை செய்கிறது.

ஆயிரம்வோல்ட் ஐயா, ஒரு சின்னக் கேள்வி. ரேத்திய ரயில்வேயின் மற்றப் பாதைகள் மாறுமின்னோட்டம் என்று படித்தேன். பெர்னினா மட்டும் ஏன் நேர்மின்னோட்டத்திலேயே இருக்கிறது? இரண்டும் பொன்ட்ரேசினாவில் எப்படிச் சந்திக்கின்றன?

12 | ஆயிரம்வோல்ட்

நல்ல கேள்வி அம்மா.

பெர்னினா கட்டிய 1906-10 காலத்தில் மலைக்கு ஏற்ற, அனுபவத்தில் நிரூபணமான மோட்டார் நேர்மின்னோட்ட மோட்டார்தான். அதன் குறை, வோல்ட் குறைவு. ஆயிரம் வோல்ட்டில் அதிக ஆம்பியர் ஓட வேண்டும், வழியில் துணை மின்நிலையங்கள் நெருக்கமாக வேண்டும். பசிபிக் எலெக்ட்ரிக்கின் 600 வோல்ட் பாதைகளுக்கும் இதே செலவு இருந்தது. அதனால்தான் அவர்கள் நீண்ட சான் பெர்னார்டினோ பாதைக்கு 1,200 வோல்ட் எடுத்தார்கள்.

ரேத்திய ரயில்வே தன் எங்கடின் பாதையை 1913-ல் திறந்தபோது புதிய முறைக்குப் போனது: 11,000 வோல்ட், ஒருமுனை மாறுமின்னோட்டம், வினாடிக்கு 16⅔ சுழற்சி. அதிர்வெண்ணை ஏன் இவ்வளவு குறைத்தார்கள் என்றால், அக்கால மோட்டாரின் கம்யூட்டேட்டரில் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் செப்பு உருளையில்) 50 சுழற்சியில் பொறி பறந்து கருகிவிடும். பிறகு போர் வந்தது, நிலக்கரி கிடைக்கவில்லை. 1919-ல் ஆல்புலா பாதை மின்மயமாகி, 1922-க்குள் மூலப் பாதைகள் முழுவதும் நீராவியைக் கைவிட்டன.

பெர்னினாவை மாற்றியிருக்கலாம். அரோசா பாதையை 1997-ல் மாற்றிவிட்டார்களே. ஆனால் பெர்னினாவின் சுரங்கங்களும் பனிக்காப்பு மேற்கூரைகளும் குறைந்த வோல்ட்டுக்குப் போதுமான இடைவெளியில் கட்டியவை. 11,000 வோல்ட்டுக்குக் கம்பியைச் சுற்றி இன்னும் இடம் வேண்டும். அத்தனையையும் உடைத்துப் பெரிதாக்குவதைவிட வண்டியை இரண்டு மின்சாரத்துக்கும் ஏற்றதாகச் செய்வது மலிவு. 2010 முதல் ஓடும் அலெக்ரா வண்டிகள் அப்படிப்பட்டவை. பொன்ட்ரேசினாவில் குறிப்பிட்ட தண்டவாளத்தின் மேல்கம்பிக்கு இரண்டில் எந்த மின்சாரத்தையும் கொடுக்கும் சுவிட்ச் ஏற்பாடு உண்டு. வண்டி நின்றிருக்கும்போது மின்சாரம் மாறும். கம்பியில் என்ன இருக்கிறது என்பதை வண்டி அறிந்து தன் சுற்றை மாற்றிக்கொள்ளும்.

அந்த சுவிட்ச் ஏற்பாட்டின் வரைபடம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். கூர்வாசி, உங்கள் ஊர் ரயில்வே அருங்காட்சியகங்களில் கேட்டுப் பார்க்க முடியுமா?